கார் முன்கண்ணாடி மாற்ற ஏன் இவ்வளவு செலவாகிறது?

காரின் முன்கண்ணாடியில் விரிசல் விழுந்தால் நாலு இடத்தில் விலை கேட்போம். நாலும் நாலு விதமாக இருக்கும். குறைந்த விலைக்கும் கூடிய விலைக்கும் இடையே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வித்தியாசம் வருவதும் உண்டு. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் காரணம் வேறு. நாலு பேரும் நாலு வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருப்பார்கள். ஒருவர் சொன்ன தொகையில், கண்ணாடியின் மேற்பகுதியில் இருக்கும் கேமராவின் சீரமைப்பும் சேர்ந்திருக்கும். இன்னொருவர் கண்ணாடிக்கும் கூலிக்கும் மட்டும் சொல்லியிருப்பார். மூன்றாமவர் கண்ணாடியின் ஓரப்பட்டையான பீடிங்கில் பழையதையே திரும்பப் போடுவதாகக் கணக்குப் போட்டிருப்பார். அதனால் தொகையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அந்தத் தொகைக்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் எது மலிவு, எது அரைகுறை என்று சொல்ல முடியும்.

இரண்டு கண்ணாடி, நடுவில் ஒரு படலம்

கதவுக் கண்ணாடி உடைந்தால் பொடிப்பொடியாக உதிரும். முன்கண்ணாடி அப்படி உதிராமல், சிலந்திவலை போல விரிசல் ஓடினாலும் ஒட்டிக்கொண்டே நிற்கும். இரண்டும் செய்யப்படும் விதம் வேறு. கதவுக் கண்ணாடி பெரும்பாலும் ஒற்றைத் தகடு. சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து வலுவேற்றியது. முன்கண்ணாடி, ஏறத்தாழ 2 மி.மீ. தடிப்புள்ள இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலத்தை வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டியது. அந்தப் படலத்தின் வழக்கமான தடிப்பு 0.76 மி.மீ. மொத்தமாக 5 மி.மீ. அளவுக்கு வரும். பிரெஞ்சு வேதியியலாளர் எட்வார் பெனடிக்டஸ் 1909-இல் இப்படி ஒட்டிய கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது நடுவில் இருந்தது செல்லுலாய்டு. நாளாக ஆக மஞ்சளாகிவிடும். பிவிபி வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இதன் எடையையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, 1 மி.மீ. தடிப்புக்கு 2.5 கிலோ எடை. இரண்டு தகடும் சேர்ந்து 4.2 மி.மீ. என்றால் 10.5 கிலோ, படலத்துக்கு இன்னும் முக்கால் கிலோ சேரும். 1.4 மீட்டர் அகலம், 0.8 மீட்டர் உயரம் உள்ள ஒரு நடுத்தரக் கண்ணாடி 12 கிலோவைத் தாண்டிவிடும். வளைந்த வடிவம், ஓரத்தில் லேசாகத் தட்டினாலே விரிசல் விழும் குணம், பெரிய மரச்சட்டப் பெட்டி எல்லாம் சேர்ந்து, இதைக் கிடங்கிலிருந்து கடைக்குக் கொண்டுவருவதே ஒரு செலவு. அதிகம் ஓடாத மாடல்களின் கண்ணாடி கடையில் கையிருப்பில் இருக்காது. அதற்கு வரவழைக்கும் கூலி தனியாகச் சேரும், சில நாள் காத்திருக்கவும் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்கண்ணாடி காற்றையும் மழையையும் தடுக்கும் மறைப்பாக மட்டும் அங்கே இல்லை. இப்போதைய கார்களில் அது உடற்கூட்டோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. கார் உருண்டால் மேற்கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்குண்டு. முன்சீட்டுப் பயணியின் ஏர்பேக் பல கார்களில் மேல்நோக்கி விரிந்து, கண்ணாடியில் முட்டி, அங்கிருந்து பயணி பக்கம் திரும்பும். கண்ணாடி சரியாக ஒட்டாமல் இருந்தால் ஏர்பேக் அதை வெளியே தள்ளிவிட்டுப் போய்விடும். ஒட்டும் வேலைக்குக் கொடுக்கும் காசைக் குறைக்கக் கூடாது என்று இந்தக் கட்டுரை திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மாற்றத்தான் வேண்டுமா?

கல் தெறித்துச் சின்னதாகச் சில்லு பெயர்ந்திருந்தால், பெரும்பாலும் மாற்றத் தேவையில்லை. ரெசின் ஏற்றிச் சரிசெய்யலாம். அரை மணி நேர வேலைதான். செலவு, மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குதான் வரும். உடைந்த இடத்தின் மேல் ஒரு சிறிய தாங்கியை உறிஞ்சும் கப்பால் பொருத்துவார்கள். விரிசலுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுத்துவிட்டு, தண்ணீர் போல இளகிய ரெசினை அழுத்தி உள்ளே விடுவார்கள். ஊதாக்கதிர் விளக்கைச் சில நிமிடம் காட்டினால் அது இறுகிவிடும். மேலே உள்ள குழியைக் கெட்டியான ரெசினால் நிரப்பி, பிளேடால் சமன் செய்து மெருகேற்றினால் முடிந்தது. ரெசின் கண்ணாடியைப் போலவே ஒளியை வளைப்பதால் தழும்பு மங்கிவிடும். அடியோடு மறைந்துவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். விரிசல் மேலும் ஓடாமல் நிற்பதுதான் இதில் கிடைக்கும் பலன்.

இதற்கு வரம்புகள் உண்டு. பொதுவாக 25 மி.மீ. அளவுக்குள் உள்ள சில்லுகள் நன்றாகச் சரியாகும். நீண்ட விரிசலில், நல்ல கருவி இருப்பவர்கள் சுமார் 15 செ.மீ. வரை ஏற்பார்கள், பலர் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்வார்கள். கண்ணாடியின் ஓரத்தைத் தொட்ட விரிசலை மாற்றுவதே நல்லது. ஓரத்தில்தான் கண்ணாடிக்கு இறுக்கம் அதிகம், ரெசின் அதைப் பிடித்து வைக்காது. ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இருக்கும் சில்லும் அப்படித்தான். சரிசெய்த பிறகும் மிஞ்சும் சின்னத் தழும்பில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறிக் கண்ணைக் கூசும். கேமரா பார்க்கும் இடத்தில் இருந்தாலும் இதே கதைதான். உள்தகடும் உடைந்திருந்தால் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். உள்பக்கம் நகத்தால் வருடிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் வெளித்தகடு மட்டும்தான் அடிபட்டிருக்கிறது.

சில்லு பெயர்ந்த அன்றே அதன் மேல் நிறமற்ற ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். அழுக்கும் தண்ணீரும் சோப்பும் உள்ளே போய்விட்டால் பிறகு ரெசின் பிடிக்காது. வெயிலில் கொதித்துக் கிடக்கும் கண்ணாடி மேல் ஏசியை முழு வேகத்தில் திருப்பிவிடுவது, உறைபனி படிந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுவது இரண்டும் சின்னச் சில்லை ஒரே நிமிடத்தில் முழநீள விரிசலாக்கிவிடும். கண்ணாடியின் ஒரு பகுதி சூட்டில் விரிந்தும் இன்னொரு பகுதி குளிரில் சுருங்கியும் இருக்கும்போது, அந்த இழுவை ஏற்கெனவே உடைந்த இடத்தில் போய்ச் சேரும். ரெசின் வேலையில் முடிந்திருக்க வேண்டியது கண்ணாடி மாற்றும் செலவாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

விரிசலுக்குக் கல் காரணமா, பொருத்தியதில் கோளாறா என்ற கேள்வியும் எழும். வாரண்டி கேட்க வேண்டுமானால் இது முக்கியம். பால்பாயிண்ட் பேனாவின் முனையை விரிசல் நெடுக மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். எங்காவது முனை தடுக்கி ஒரு சிறு பள்ளத்தில் இறங்கினால் அங்கே கல் பட்டிருக்கிறது. எங்கும் தடுக்காமல், விரிசல் ஓரத்திலிருந்து கிளம்பி வளைந்து போயிருந்தால், அது கண்ணாடியில் இருந்த இறுக்கத்தால் வந்ததாக இருக்கலாம். கண்ணாடி ஒட்டியிருக்கும் காரின் சட்டத்தில் துரு புடைத்திருந்தாலோ, ஒட்டும்போது ஏதாவது அழுத்தியிருந்தாலோ அப்படி நேரும்.

விலையை ஏற்றும் கண்ணாடிகள்

ஒரே மாடல், ஒரே வருடத்துக் காருக்கு நாலைந்து வகை முன்கண்ணாடி இருக்கும். அடிப்படை வகையில் வெறும் கண்ணாடி, உயர் வகையில் அதற்குள்ளேயே பல பொருள்கள். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

மேலே நிறம் கூட்டிய பட்டை இருப்பது சின்ன விஷயம். ஒலியைத் தடுக்கும் படலம் உள்ள கண்ணாடி அடுத்த படி. பிவிபியின் நடுவே இன்னும் மென்மையான ஓர் அடுக்கு இருக்கும், காற்றிரைச்சல் குறையும். அந்த இடத்தில் சாதாரணக் கண்ணாடி போட்டாலும் கார் ஓடும். ஆனால் மறுநாளே இரைச்சல் கூடியது போலத் தெரியும். வேலையில் குறை என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டை வரும். வெயிலின் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் உலோகப்பூச்சு உள்ள கண்ணாடி விலை கூடுதல். அந்தப் பூச்சு ரேடியோ அலையையும் மறிக்கும் என்பதால் கண்ணாடியின் மேற்பகுதியில், பின்பார்வைக் கண்ணாடிக்கு அருகே, பூச்சு இல்லாத ஓர் இடம் விட்டிருப்பார்கள். சுங்கச்சாவடி அட்டை அங்கேதான் வேலை செய்யும்.

மழை விழுந்தால் தானாக வைப்பர் ஓடும் கார் என்றால் கண்ணாடியில் சென்சாருக்கான இடம் வேண்டும். அந்த சென்சார் அகச்சிவப்பு ஒளியைக் கண்ணாடிக்குள் சாய்வாக அனுப்பி, திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. வெளியே நீர்த்துளி இருந்தால் கொஞ்சம் ஒளி வெளியே தப்பிவிடும், திரும்புவது குறையும். சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் ஜெல் பட்டையில் ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலே கணக்கு தப்பிவிடும். வானம் தெளிவாக இருக்கும்போது வைப்பர் ஓடும், கொட்டும் மழையில் சும்மா நிற்கும். பட்டையின் விலை அற்பம். பழையதையே உரித்து ஒட்டுவதால்தான் இந்தத் தொல்லை. பில்லில் புதுப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

வைப்பர் ஓய்வெடுக்கும் இடத்தில் சூடேற்றும் கம்பிகள், கண்ணாடிக்குள் பதித்த ஆண்டெனா இவையும் விலையைக் கூட்டும். எல்லாவற்றிலும் விலை கூடியது, வேகத்தையும் வழியையும் கண்ணாடியிலேயே காட்டும் கார்களுக்கான கண்ணாடி. இரண்டு தகடு இருப்பதால் பிம்பம் உள்தகட்டில் ஒருமுறை, வெளித்தகட்டில் ஒருமுறை பட்டு இரட்டையாகத் தெரியும். அதைத் தடுக்க, இந்தக் கண்ணாடியில் பிவிபி படலம் மேலே கொஞ்சம் தடித்தும் கீழே மெலிந்தும் ஆப்பு வடிவில் இருக்கும். தடிப்பு மாறுவது மயிரிழை அளவுதான், ஆனால் இரண்டு பிம்பமும் ஒன்றாகிவிடும். சாதாரணக் கண்ணாடியைப் போட்டுவிட்டால் எண்கள் எல்லாம் நிழலோடு இரண்டிரண்டாகத் தெரியும். எந்த செட்டிங்கை மாற்றினாலும் போகாது. திரும்பவும் கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும்.

உங்கள் காருக்கு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் கார் கம்பெனியின் பாக எண் கிடைக்கும். பழைய கண்ணாடியின் கீழ்மூலையில் இருக்கும் முத்திரையையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மூலையில் குனிந்து பார்த்தால் அந்தப் பொடி எழுத்துகள் நிறையச் சொல்லும். தயாரித்த கம்பெனியின் பெயர் இருக்கும். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால், ஐ.நா.வின் 43-ஆம் விதிப்படி அங்கீகாரம் பெற்றது. அந்த எண், அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் குறிக்கும். பக்கத்தில் ரோமன் எண் 2 இருந்தால் சாதாரண வகை அடுக்குக் கண்ணாடி. அமெரிக்க முறையில் ‘ஏஎஸ்1’ என்றிருக்கும். முன்கண்ணாடியாகப் பயன்படுத்தத் தகுந்தது, குறைந்தது 70 சதவீத ஒளியை விடக்கூடியது என்று பொருள். புதுக் கண்ணாடி வந்ததும் ஒட்டுவதற்கு முன்பே இந்த மூலையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். முத்திரையே இல்லாத கண்ணாடியை எந்த விலைக்குக் கொடுத்தாலும் ஏற்க வேண்டாம்.

ஒரிஜினலா, வெளிக் கம்பெனியா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கார் கம்பெனிகள் பெரும்பாலும் கண்ணாடியைத் தாங்களே செய்வதில்லை. கண்ணாடித் தொழிற்சாலைகளிடம் வாங்குகின்றன. அதே தொழிற்சாலை, கார் கம்பெனியின் முத்திரை இல்லாமல் தன் பெயரிலேயே வெளிச்சந்தைக்கும் செய்து தருவதுண்டு. கேமராவும், கண்ணாடியில் பிம்பம் காட்டும் வசதியும் இல்லாத சாதாரணக் காருக்கு அப்படிப்பட்ட, பெயர் தெரிந்த கம்பெனியின் கண்ணாடி போதும். ஒரிஜினல் முத்திரைக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் பிம்பம் காட்டும் காருக்கு ஒரிஜினல்தான் நல்லது. கேமரா உள்ள காரில், அதைத் தாங்கும் பிடிப்பு கண்ணாடியோடு ஒட்டியே வரும். அதன் சாய்வு கொஞ்சம் பிசகினாலும் பின்னால் சீரமைப்பு நிற்காது. அங்கே கை தேர்ந்தவர்களும் ஒரிஜினலையே விரும்புகிறார்கள். மலிவுக் கண்ணாடியில் இன்னொரு குறை, பார்வை நெளிவது. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, எதிரே உள்ள கம்பத்தையோ கட்டட விளிம்பையோ பார்த்தபடி தலையை மெல்ல இடம் வலமாக நகர்த்துங்கள். நேர்க்கோடு நெளிந்தால் அந்தக் கண்ணாடியோடு தினமும் ஓட்ட முடியாது, தலைவலி வரும்.

பசை

பில்லில் மிகச் சின்னத் தொகையாக இருப்பது பசை. மொத்த வேலையும் நிற்பது அதன் மேல்தான்.

முன்கண்ணாடியை ஒட்டுவது யூரித்தேன் பசை. சாதாரண சிலிகோன் பசை இதற்கு ஆகாது. அதற்கு அந்த வலு இல்லை, போதாக்குறைக்கு அது பட்ட இடத்தில் பிறகு யூரித்தேனும் பிடிக்காது. வேலை நடக்கும் வரிசை இது. வைப்பர் கைகள், அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடி, ஓரப் பீடிங், உள்ளே தூண்களின் மூடி, பின்பார்வைக் கண்ணாடி, சென்சார்கள் எல்லாவற்றையும் கழற்றுவார்கள். மெல்லிய கம்பியாலோ கத்தியாலோ பழைய பசையை அறுத்து, இரண்டு பேர் உறிஞ்சும் கப்பைப் பிடித்துக் கண்ணாடியைத் தூக்குவார்கள். சட்டத்தில் மிஞ்சும் பழைய பசையை முழுக்கச் சுரண்டிவிடக் கூடாது. 1 அல்லது 2 மி.மீ. விட்டுச் சீவ வேண்டும். புதுசாக அறுத்த யூரித்தேன் மேல்தான் புது யூரித்தேன் நன்றாகப் பிடிக்கும். கத்தி பட்டு எங்காவது பெயிண்ட் பெயர்ந்து தகடு தெரிந்தால் அங்கே பிரைமர் என்ற அடிப்பூச்சைத் தடவி உலரவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் அன்றைக்கு எதுவும் தெரியாது. ஓரிரு வருடத்தில் அந்தக் கீறலில் துரு கிளம்பி, பசைக்கு அடியில் ஊர்ந்து, அங்கிருந்து தண்ணீர் கசியும். அப்போது கண்ணாடியைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க ஆகும் செலவு, கண்ணாடி மாற்றும் செலவையே மிஞ்சிவிடலாம். பழைய காரில் ஏற்கெனவே துரு இருந்தால் சொன்ன விலை கூடும். அது நியாயம்தான்; கழற்றும் வரை யாருக்கும் தெரியாது.

புதுக் கண்ணாடியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பட்டை இருக்கும். கண்ணாடியிலேயே சுட்டு ஏற்றிய பூச்சு அது. வெயிலின் ஊதாக்கதிர் பசையைத் தின்றுவிடாமல் மறைப்பது அதன் வேலை. அந்தப் பட்டையைத் துடைத்து, பசைக் கம்பெனி சொன்ன பிரைமரைத் தடவுவார்கள். அதற்குப் பிறகு அங்கே விரல் படக் கூடாது. ஒரு விரலின் எண்ணெய்ப்பசையே அந்த இடத்தில் ஒட்டாமல் போகப் போதும்.

இப்போது எவ்வளவு பசை வேண்டும் என்று பார்க்கலாம். நம் 1.4 மீட்டர், 0.8 மீட்டர் கண்ணாடியின் சுற்றளவு 4.4 மீட்டர். பசையை முக்கோண வடிவில் போடுவார்கள், அடி 8 மி.மீ., உயரம் 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். குறுக்குவெட்டு 48 சதுர மி.மீ.; மொத்தம் ஏறத்தாழ 210 மி.லி. வழக்கமான ஒரு குழாயில் இருப்பது சுமார் 300 மி.லி. போதும். அதே முக்கோணம் அடி 10, உயரம் 15 மி.மீ. தேவைப்படும் காரில் 330 மி.லி. ஆகும், ஒரு குழாய் பற்றாது. ஒரே குழாயில் முடித்துவிட வேண்டும் என்று மெலிதாக இழுத்தால் கண்ணாடி சட்டத்தில் படும் இடத்தில் பசை நசுங்கி இடைவெளி விழும். நீர்க்கசிவும் காற்று விசிலும் அங்கிருந்துதான். முக்கோண வடிவுக்கும் காரணம் உண்டு. கண்ணாடியை அழுத்தும்போது கூர்முனை முதலில் தொட்டு இருபுறமும் பரவும், நடுவில் காற்று சிக்காது.

யூரித்தேன் இறுகுவது காற்றில் உள்ள ஈரத்தால். ஆகவே வறண்ட குளிர்நாளில் மெதுவாகவும், வெதுவெதுப்பான ஈரக்காற்றில் சீக்கிரமாகவும் இறுகும். ஒவ்வொரு பசைக்கும் ‘இத்தனை மணி நேரத்துக்குப் பிறகுதான் காரை எடுக்கலாம்’ என்று தயாரிப்பாளர் ஓர் அட்டவணை கொடுத்திருப்பார். அரை மணியிலிருந்து பல மணி நேரம் வரை பசையைப் பொறுத்து மாறும். விபத்து நேர்ந்தால் கண்ணாடி கழன்று போகாத அளவுக்குப் பிடிக்க ஆகும் நேரம் அது. முழுக்க இறுக ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். வேகமாக இறுகும் பசை விலை கூடியது. ‘ஒட்டியதும் எடுத்துக்கிட்டுப் போகலாம் சார்’ என்று சொல்பவரிடம் எந்தப் பசை, அதன் நேரம் எவ்வளவு என்று கேளுங்கள். குழாயில் அச்சிட்ட காலாவதித் தேதியையும் பார்க்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

கேமரா இருந்தால்

லேன் விட்டு விலகினால் எச்சரிக்கும், முன்னால் தடை வந்தால் தானாக பிரேக் போடும் கார்களில் கண்ணாடியின் மேற்பகுதியில் ஒரு கேமரா இருக்கும். கண்ணாடி மாறினால் கேமரா பார்க்கும் கோணமும் கொஞ்சம் மாறிவிடும். எவ்வளவு மாறினால் ஆபத்து? ஒரே ஒரு டிகிரி பக்கவாட்டில் திரும்பினால் 50 மீட்டர் தூரத்தில் 87 செ.மீ. பிசகும். 3.5 மீட்டர் அகலமுள்ள லேனில் இது கால் பங்கு. பக்கத்து லேனில் போகும் வண்டி நம் முன்னால் இருப்பதாகக் கணக்காகிவிடலாம்.

ஆகவே கேமராவுக்கு அதன் நேர்ப்பார்வையைத் திரும்பக் கற்பிக்க வேண்டும். கேமரா சீரமைப்பு, கேலிபிரேஷன் என்பதெல்லாம் இதுதான். சில கார்களுக்குக் கடைக்குள்ளேயே, சமதளத்தில், அளந்த தூரத்தில் கட்டங்கள் வரைந்த பலகையை நிறுத்திச் செய்வார்கள். சில கார்களுக்குக் கருவியை இணைத்து, கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செய்வார்கள். இரண்டும் தேவைப்படும் கார்களும் உண்டு. டயரில் காற்று சரியாக இல்லாமலோ டிக்கியில் பாரம் இருந்தோ செய்தால் காரின் சாய்வு மாறி முடிவு தப்பாகும். பெரிய இடம், விலை கூடிய கருவி, ஒன்றிரண்டு மணி நேரம் இதற்கு வேண்டும் என்பதால் கட்டணமும் கூடத்தான் இருக்கும். மலிவான விலையில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த வரிதான். எச்சரிக்கை விளக்கு எரியவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. கோணம் பிசகிய கேமரா எல்லா நேரமும் விளக்கை எரியவிடாது. முடிந்ததும் கருவி கொடுக்கும் அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் எடுக்கலாமா?

பாலிசியில் கண்ணாடிக்குத் தனிப் பாதுகாப்பு இருந்து, அதனால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போகாது என்றிருந்தால் யோசிக்கவே வேண்டாம். அப்படி இல்லையென்றால் ஒரு கணக்குப் போட வேண்டும். மாற்றும் செலவு 100 என்று வைத்துக்கொள்வோம். நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு 40. காப்பீட்டில் வருவது 60. வருடப் பிரீமியம் 200, போனஸ் தள்ளுபடி 25 சதவீதம் என்றால் இந்தக் கிளெய்மால் அடுத்த வருடம் இழப்பது 50. மிஞ்சுவது 10. தள்ளுபடி பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று வருடம் ஆகுமென்றால் மொத்தத்தில் நஷ்டம். சாதாரணக் கண்ணாடிக்குக் கையிலிருந்து கட்டுவதும், கேமராவும் பிம்பம் காட்டும் வசதியும் உள்ள கண்ணாடிக்குக் காப்பீட்டில் போவதும் பலருக்குப் பொருந்தி வரும். ரெசின் வேலையைப் பல காப்பீட்டுக் கம்பெனிகள் தங்கள் செலவிலேயே செய்து தருகின்றன, அவர்களுக்கும் அது மிச்சம். கண்ணாடியைக் கழற்றும் முன்பே போட்டோ எடுத்துத் தகவல் சொல்லிவிடுங்கள்.

விலை கேட்கும்போது

‘முன்கண்ணாடி எவ்வளவு?’ என்று மொத்தமாகக் கேட்காமல் வரிவரியாகக் கேளுங்கள். எந்தக் கம்பெனிக் கண்ணாடி, பாக எண் என்ன, என் காரின் சென்சார், கேமரா, சூடேற்றும் கம்பி எல்லாவற்றுக்கும் பொருந்துமா? பீடிங்கும் கிளிப்பும் புதுசா? பல பீடிங்குகள் ஒருமுறை கழற்றினால் நீண்டுவிடும். திரும்பப் போட்டால் வேகத்தில் படபடவென்று அடிக்கும். பசையும் பிரைமரும் சேர்ந்த விலையா? கேலிபிரேஷன் அவர்களே செய்கிறார்களா, வேறிடம் அனுப்புகிறார்களா, அந்தக் கட்டணம் யாருடையது? வீட்டுக்கே வந்து செய்வதென்றால் வரும் கூலி எவ்வளவு, மழையோ தூசிக்காற்றோ இருந்தால் என்ன செய்வார்கள்? பழைய கண்ணாடியை அகற்றுவதும் வரியும் உள்ளேயா வெளியேயா? நீர்க்கசிவுக்கு எத்தனை மாதம் பொறுப்பு? இதையெல்லாம் எழுதி வாங்கிய இரண்டு கொட்டேஷனை அருகருகே வைத்தால், விலை குறைந்ததில் எந்த வரி இல்லை என்பது பளிச்சென்று தெரியும். வைப்பர் பிளேடையும் அன்றே மாற்றிவிடுங்கள். பழைய ரப்பரில் பதிந்த மணல் ஒன்று போதும், புதுக் கண்ணாடியில் வளைகோடு விழ.

கார் கைக்கு வந்த பிறகு

ஒட்டிய ஒட்டுநாடாவை ஒரு நாள் எடுக்காதீர்கள். பீடிங் நகராமல் பிடிப்பதற்காகப் போட்டது. கதவை அறைந்து சாத்தாதீர்கள். அடைத்த காரில் கதவை அறைந்தால் உள்ளே காற்றழுத்தம் சட்டென்று கூடி, இறுகாத பசையைத் தள்ளும். ஒரு ஜன்னலை விரலளவு இறக்கி வையுங்கள். இரண்டு நாளைக்கு அழுத்தத் தண்ணீரில் கழுவ வேண்டாம். மேடு பள்ளமான சாலையையும் தவிர்க்கலாம். மழை பட்டால் பயப்பட வேண்டாம், ஈரம் பசைக்கு நல்லதுதான்.

இரண்டு நாள் கழித்து நீங்களே நீர்ச்சோதனை செய்யலாம். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். இன்னொருவர் குழாய்த் தண்ணீரை அழுத்தமில்லாமல், கண்ணாடியின் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் ஓரிரு நிமிடம் நின்று மேலே கொண்டுபோகட்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எங்கே கசிகிறது என்றே தெரியாமல் போகும். தூண் மூடியின் ஓரம், டேஷ்போர்டின் இரு மூலை, முன்சீட்டு அடியில் விரிப்பு மூன்றையும் தொட்டுப் பாருங்கள். விரிப்பு மட்டும் நனைந்திருந்தால் கண்ணாடிதான் காரணம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கழற்றிப் போட்ட பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் உள்ள வடிகால் அடைத்திருந்தாலும் தண்ணீர் அங்கேதான் வந்து தேங்கும்.

கண்ணாடியின் பாக எண், பசையின் பெயர், பேட்ச் எண், ஒட்டிய நேரம், கேலிபிரேஷன் அறிக்கை எல்லாவற்றையும் பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்து மழையில் ஒரு மூலை கசிந்தால், கடைக்காரரிடம் காட்ட வேண்டியது அந்தக் காகிதங்களைத்தான்.